சிவக்காத கூரை

பச்சையைப் பார்த்ததும் கள்ளி மேல்படியிலேயே நின்றுவிட்டாள்.

வேறு யாராவது அந்த இரும்புப் படியில் ஏறி வந்திருந்தால் வாயைப் பிளந்திருப்பார்கள். பத்து மீட்டர் நீளம், ஆறு மீட்டர் அகலம். தட்டையான கூரை முழுக்க ஒரு பொட்டு இடைவெளி இல்லாமல் பச்சை. தரையோடு தரையாகப் படரும் செடம் என்ற செடியின் குட்டி இலைகள் ஊறவைத்த பட்டாணி மாதிரி உருண்டிருந்தன. அவற்றுக்கு நடுவே கல்ரோஜாக்கள். இலைகளையே ரோஜாப்பூவாக அடுக்கிவைத்தது போன்ற செடி. ஒவ்வொன்றும் சாஸர் அகலத்துக்கு விரிந்து, சுற்றிலும் ஏழெட்டுக் குஞ்சுகளோடு உட்கார்ந்திருந்தது.

ஐந்து மாதத்துக்கு முன் அவள் இந்தக் கூரையிலிருந்து இறங்கியபோது அவை சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். இறங்கினாள் என்பதுகூடச் சரியில்லை. கடைசி நாலு படியை விட்டுவிட்டு விழுந்தாள். இடது கால் இரண்டு இடத்தில் முறிந்து, தகடு வைத்து, கட்டுப் பிரித்து, படியேறலாம் என்று டாக்டர் சொன்னது முந்தாநாள்தான்.

"என்ன கள்ளி, சத்தத்தையே காணோம்? அசந்துட்டியா?" கீழே முற்றத்திலிருந்து அண்ணன் குரல் கொடுத்தான்.

அவள் பெயர் கள்ளி இல்லை. பதினைந்து வருடமாக இந்த மலைச்செடிகளோடு குடித்தனம் நடத்துகிறாள் என்று குடும்பம் வைத்த பட்டம். 'இது கள்ளி வகையே இல்லண்ணா, இதுக்கு ஒரு முள்ளுகூடக் கிடையாது' என்று ஆரம்பத்தில் மல்லுக்கு நின்று பார்த்தாள். 'அதான் முள்ளுக்கு நீ இருக்கியே' என்று அண்ணன் சொன்னதோடு அந்த வழக்கு முடிந்துவிட்டது.

"இரு, வர்றேன்" என்றாள். நகரவில்லை.

இந்த மாதத்தில் இவை சிவந்திருக்க வேண்டும். அதுதான் இந்தச் செடிகளின் குணம். மரமே வளராத உயரத்தில், பாறைப் பிளவில், காற்றைத் தின்று வளர்கிற ஜாதி. பட்டினி போட்டால்தான் அழகு. குளிர் தொடங்கியதும் கல்ரோஜா மாதுளை முத்து நிறத்துக்கு வரும். செடம் செங்கல் நிறத்துக்கு வரும். பனி மூடினாலும் சாகாது. காற்று அறைந்தாலும் சாகாது. காலடியில் தண்ணீர் நின்றால் மட்டும் சாகும். அதுவும் உடனே சாகாது. முதலில் கொழுகொழுவென்று பச்சையாகும். பார்க்கிறவர்கள் பாராட்டுவார்கள்.

இது செழிப்பு இல்லை. வீக்கம்.

ஓரச் சுவரைப் பிடித்தபடி குனிந்து ஒரு கல்ரோஜாவின் கழுத்தில் இரண்டு விரல் வைத்து மெதுவாக இழுத்தாள். நல்ல செடி என்றால் அடம் பிடிக்கும். கல்லைக் கவ்விக்கொண்டு வராது. இது குழைந்த சோறு மாதிரிக் கையோடு வந்தது. அடிப்பக்கம் பழுப்புக் கூழ். வேர் என்று ஒன்று இல்லவே இல்லை.

செடி இருந்த குழியைப் பார்த்தாள். உள்ளே கறுப்பு.

அவள் கூரையில் கறுப்பு எப்படி வந்தது? சாம்பல் நிற நுரைக்கல், செங்கல் சல்லி, ஒரு கைப்பிடி இலை மக்கு. அவள் போட்டது இவ்வளவுதான். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே குழியின் அடியில் ஏதோ மின்னியது. தண்ணீர். சத்தமில்லாமல் ஊறி, விளிம்புவரை ஏறி, தூங்கிக்கொண்டிருந்த ஒரு கண் திறந்தது போல அவளையே பார்த்தது. குளத்தடியின் நாற்றம் முகத்தில் அடித்தது.

கூரையின் நடுப்பக்கம் ஒரு காலை வைத்துப் பார்த்தாள். மெத்தை மாதிரி அமுங்கியது. காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

இறங்கி வந்தாள். படியடியில் மடக்கு நாற்காலிகள் சுவரோடு சாய்ந்து நின்றன. எண்ணிப் பார்த்தாள். பதினெட்டு.

"இது எதுக்கு?"

"இன்னிக்கு மூணு மணிக்குப் பல் டாக்டருங்க வர்றாங்கல்ல. பதினெட்டுப் பேர்." அண்ணன் புதுச் சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டே சொன்னான். "கீழ லேபைச் சுத்திக் காட்டுறோம். அப்புறம் மேல உக்கார வெச்சு டீ, ஒரு குரூப் போட்டோ. ஊருல ஆயிரம் லேப் பல் செட் பண்ணுது. பச்சைக் கூரை லேப்புன்னா நம்மதுதான். பாரு, சிரிச்சுக்கிட்டே கையெழுத்துப் போட்டுட்டுப் போவாங்க."

"மழை பேஞ்சுக்கிட்டே இருக்கேண்ணா."

"பத்து நாளா பேயுது. காலையிலேர்ந்து விட்டிருக்கில்ல? குடை இருக்கு. நீ ஏன் மூஞ்சிய இப்படி வெச்சிருக்க?"

"அந்த மண்ணு... யார் போட்டது?"

அண்ணனின் முகம் மலர்ந்தது. "வேற யாரு, உன் வீட்டுக்காரர்தான்! நூத்திருபது மூட்டை, கள்ளி. ஒத்த ஆளா, மூணு நாள், தோள்லயே தூக்கி ஏத்தினாரு. நான் அவரைத் தப்பா எடை போட்டுட்டேன்."

கள்ளி அண்ணாந்து கூரையைப் பார்த்தாள்.

'அவரை' என்றான் அண்ணன். கல்யாணமாகி ஒன்பது வருடம். தங்கை புருஷனை எல்லா வீட்டிலும் 'வாங்க மாப்ளே' என்பார்கள். இந்த வீட்டில் மட்டும் 'வா', 'போ', 'அவன்'. மூன்று வேலை மாறி மூன்றிலும் நிலைக்காத மனிதனுக்கு 'ங்க' எதற்கு என்பது அண்ணனின் நியாயம். அவள் கணவன் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் அண்ணன் வீட்டிலிருந்து திரும்பும்போது வண்டியில் ரேடியோவைச் சத்தமாக வைப்பான். இந்தக் கூரை பச்சையான பிறகுதான் அந்த 'ங்க' வந்தது. லேபின் டெலிவரி வேனும் அவன் கைக்கு வந்தது.

மண்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் காலைத் தூக்கிக் கட்டிப் படுத்திருந்தபோது அவளேதான் போனில் சொன்னாள். 'கூரையில மண்ணு இறங்கியிருக்கும். ரெண்டு விரல் மண்ணு போட்டு நிரவி விட்டுடுங்க.' அவள் நாற்றுப் பண்ணையில் மண் என்றால் அந்தச் சல்லிக் கலவைதான். பதினைந்து வருடமாக அதை வேறு பெயரில் அவள் சொன்னதே இல்லை. கலந்து, மூட்டை கட்டி, ஷெட்டில் அடுக்கியும் வைத்திருந்தாள். நேற்று ஷெட்டைத் திறந்தபோது அத்தனை மூட்டையும் கட்டுப் பிரிக்காமல் இருந்தது. பரவாயில்லையே, புதிதாகக் கலந்து போட்டிருக்கிறாரே என்றுதான் நினைத்தாள்.

கூரை போட்ட என்ஜினியரின் குரல் காதில் கேட்டது. 'இது கான்கிரீட் இல்லம்மா, மர உத்தரம். உங்க சல்லி நனைஞ்சா என்ன கனமோ, அதுக்கு மேல கொஞ்சம் தாங்கும். சுத்தம் பண்ண ரெண்டு பேர் ஏறலாம். அவ்வளவுதான்.'

நூற்றிருபது மூட்டை. மூட்டை இருபத்தைந்து கிலோ. காய்ந்த எடையே மூன்று டன். பத்து நாள் மழையைக் குடித்த பிறகு?

"என்னாச்சு?" என்றான் அண்ணன்.

சொல்லியிருக்க வேண்டும். அந்த நிமிடமே சொல்லியிருக்க வேண்டும்.

"ஒண்ணுமில்ல. தண்ணி போற ஓட்டையக் கொஞ்சம் பாத்துட்டு வந்துடுறேன்" என்றாள்.

கம்பி எடுக்க லேபுக்குள் போனாள். நீள அறை. இரண்டு பக்கமும் மேஜைகள். அச்சு வார்க்கும் மாவு வாளிகள், மெழுகு உருக்கும் விளக்குகள், மூலையில் பீங்கான் சுடும் அடுப்பு. ஆறு பேர் தலை நிமிராமல் வேலை செய்தார்கள். உதடில்லாத பல் வரிசைகள் மேஜைக்கு மேஜை இளித்துக்கொண்டிருந்தன.

அறையின் நடு உத்தரத்துக்கு நேர் கீழே அண்ணியின் இடம். மெழுகு ஈறில் ஒவ்வொரு பல்லாக நட்டு வைப்பது அவள் வேலை. ஈரத்துணியால் மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"வா கள்ளி, கால் எப்படி இருக்கு? உக்காரு. இரு, நாற்காலியிலயும் மாவு." நாற்காலியையும் தட்டினாள். "நேத்து சாயந்தரம் பளிச்சுன்னு துடைச்சிட்டுத்தான் போனேன். காலையில வந்து பாத்தா இப்படி. பத்து மணிக்கு ஒரு தரம் துடைச்சேன். இதோ, மறுபடியும்."

"மாவு லேப்ல மாவு கொட்டாம பூவா கொட்டும் அண்ணி?" பக்கத்து மேஜையிலிருந்து ஒரு குரல். பல்லுக்கு மெருகேற்றுகிறவன். எல்லோருக்கும் அவன் பாலிஷ்.

"உன் வாய்க்கு ஒரு செட் பண்ணி ஒட்டி வெச்சிடுவேன்" என்றாள் அண்ணி. "அலமாரி மேல இருக்கற பெட்டிய இறக்கித் தர்றேன்னியே, தந்தியா? ரெண்டு நாளாச்சு."

"இன்னிக்கு மூணு மணிக்குள்ள, அண்ணி. சத்தியமா."

கள்ளி விரல் நுனியால் மேஜையைத் தொட்டாள். லேபில் அச்சுக்குப் பயன்படுத்துகிற மாவு இளமஞ்சள். வாளியில், தரையில், பாலிஷின் புருவத்தில், எல்லா இடத்திலும் இளமஞ்சள்தான்.

அவள் விரலில் ஒட்டியிருந்தது வெள்ளை.

அண்ணாந்து பார்த்தாள். சீலிங் போர்டுகள் சேருமிடத்தில் முடி கனத்துக்கு ஒரு கோடு ஓடியது. கோட்டுக்கு இந்தப் பக்கத்துப் பெயின்ட்டும் அந்தப் பக்கத்துப் பெயின்ட்டும் ஒட்டவில்லை.

"அண்ணி, நீங்க இன்னிக்கு வேற மேஜையில உக்காருங்களேன்."

"ஏன், என் மேஜைக்கு என்ன? டாக்டருங்க வரும்போது நான் நடுநாயகமா இருக்கணுமாம். உங்கண்ணன் ஆர்டர்."

கள்ளி கம்பியை எடுத்துக்கொண்டு வேகமாக வெளியே வந்தாள். தகடு வைத்த கால் வலித்தது. உறைக்கவில்லை.

தண்ணீர் வெளியேறும் ஓட்டை கூரையின் தென்மூலையில், ஓரச் சுவரோடு இருந்தது. சுவர் மேலேயே உட்கார்ந்து நகர்ந்து போனாள். சுவருக்குக் கீழே செங்கல் இருக்கிறது, தாங்கும். செடிகளை ஒதுக்கிக் கையை விட்டாள். சல்லிக்கு அடியில் விரித்திருந்த வடிகட்டித் துணி களிம்பு பூசியது போல வழுவழுத்தது. பொடி மண் கரைந்து இறங்கித் துணியை அடைத்து, ஓட்டையையும் அடைத்திருந்தது. முழங்கைவரை கையை விட்டும் சேறு. கம்பியை விட்டுக் குத்தினாள், திருகினாள். கம்பி உள்ளே போனது, வெளியே வந்தது. தண்ணீர் அசையவில்லை. சுவருக்கு வெளியே இறங்கும் குழாயின் வாயில் ஒரே ஒரு சொட்டு தொங்கிக்கொண்டு, விழலாமா என்று யோசித்தது.

அவள் புறங்கையில் வேறொரு சொட்டு விழுந்தது. மழை.

முற்றத்தில் வேன் வந்து நிற்கும் சத்தம். இரண்டிரண்டு படியாகத் தாவி அவள் கணவன் ஏறி வந்தான். முகமெல்லாம் சிரிப்பு.

"எப்படி? சொல்லு, எப்படி? நீ எந்திரிச்சு வந்து பாக்கணும்னே யாரும் உனக்குப் போட்டோ எடுத்துக் காட்டக் கூடாதுன்னு சொல்லி வெச்சிருந்தேன். உன் கல்ரோஜா இந்த சைஸுக்கு வந்து நீயே பாத்திருக்க மாட்ட!"

"அங்கயே நில்லுங்க. படியிலயே நில்லுங்க. கூரையில கால வெக்காதீங்க."

சிரிப்பு பாதியில் நின்றது.

"எந்த மண்ணு போட்டீங்க?"

"மண்ணுதான். கடையில இருக்கறதுலயே ஒசத்தி. எரு கலந்தது. நீதானே சொன்ன?"

"ஷெட்டுல மூட்டை மூட்டையா வெச்சிருந்தேனே..."

"அது கல்லுல்ல?"

"அதத்தான் நான் மண்ணும்பேன்."

"கல்லப் போய் யாராவது மண்ணும்பாங்களா?"

அவள் சேறு வழியும் கையைத் தூக்கிக் காட்டினாள். பிடுங்கிய செடியின் குழியைக் காட்டினாள். ஓட்டையைக் காட்டினாள். என்ஜினியர் சொன்னதைச் சொன்னாள். அவன் மெதுவாகப் படியில் உட்கார்ந்தான். வேன் சாவியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினான். மறுபடியும் மாற்றினான்.

"விழுந்துடுமா?"

"தெரியல. மழை நின்னா தாங்கலாம். ஆளுங்க ஏறினா தாங்காது."

"ஏற விடக் கூடாது. அவ்வளவுதானே? மழைன்னு சொல்லிக் கீழயே டீ குடுத்துடலாம்." அவன் குரல் தாழ்ந்தது. "மச்சான்கிட்ட இன்னிக்குச் சொல்லாத. ஒரே ஒரு நாள். டாக்டருங்க போகட்டும். நாளைக்கு ஞாயித்துக்கிழமை, யாரும் வர மாட்டாங்க. நான் ஏத்தின மாதிரியே நானே அத்தனையும் அள்ளி இறக்கிடுறேன். சத்தியமா. இன்னிக்கு... இன்னிக்குக் காலையில என்னைய டாக்டருங்களுக்கு அறிமுகப்படுத்தி வெக்கறேன்னாரு. 'இந்தக் கூரை எங்க மாப்ள பண்ணது'ன்னு."

மழை செடிகள் மேல் பொடியாக விழுந்தது. ஒரு பச்சை இலைகூட ஆடவில்லை.

கள்ளி தலையாட்டினாள். சரி என்றுதான் ஆட்டினாள். பிறகு எத்தனையோ நாள் அந்தத் தலையாட்டலை நினைத்து அவளுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

கீழே லேபுக்குள்ளிருந்து டமாரென்று ஒரு சத்தம். தொடர்ந்து சிரிப்பு.

இருவரும் உறைந்தார்கள்.

"ஸ்டோர் ரூம் கதவு மறுபடி சிக்கிக்கிச்சு!" பாலிஷ் கத்துவது கேட்டது. "காலையிலேர்ந்து குண்டாயிக்கிட்டே போகுது. அண்ணி, உங்க சமையலை இந்தக் கதவுக்கும் போடுறீங்களா?"

"பேச்சு மட்டும் வாய் கிழியுது. பெட்டிய இறக்குடா முதல்ல."

பெட்டி.

கள்ளி எப்படி இறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. கைப்பிடியைப் பிடித்தாளா, காலை ஊன்றினாளா, எதுவும் நினைவில்லை. லேப் வாசலில் நின்றபோது பாலிஷ் ஏற்கெனவே ஸ்டூல் மேல் ஏறியிருந்தான்.

அண்ணியின் மேஜைக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு மேல் ஓர் இரும்பு அலமாரி. அதன் உச்சிக்கும் நடு உத்தரத்துக்கும் இடையே பல் நிற மாதிரிகள் வைத்த மரப்பெட்டி. தட்டையான, கனமான பெட்டி.

"வரமாட்டேங்குது அண்ணி. யாரோ பசை போட்டு ஒட்டிட்டாங்க."

"போன வாரம் நானே ஒரு கையால இழுத்தேண்டா. பெட்டிக்கு மேல நாலு விரல் இடம் இருக்கும்."

பெட்டிக்கு மேல் இடமே இல்லை. உத்தரம் பெட்டியின் மூடியைத் தொட்டுக்கொண்டிருந்தது. தொட்டுக்கொண்டு இல்லை, அழுத்திக்கொண்டிருந்தது. மூடி நடுவில் வளைந்து, ஆணிகள் தலை தூக்கியிருந்தன.

பாலிஷ் இரண்டு கையாலும் பிடித்து வெடுக்கென்று இழுத்தான். மேலே எங்கோ மரம் முனகியது. அண்ணியின் தலைமுடி மேல் வெள்ளை மாவு சன்னமாக இறங்கியது.

"தொடாத!" கள்ளி கத்தியதில் அவன் ஸ்டூலோடு ஆடினான். "கைய எடு. மெதுவா இறங்கு. அந்தப் பெட்டிதான் இப்ப கூரையத் தாங்கிக்கிட்டு நிக்குது."

எல்லாக் கைகளும் நின்றன. மெழுகு விளக்குகள் மட்டும் எரிந்தன.

சரியாக அந்த நேரம் பார்த்துத்தான் வாசலில் குடைகள் மடங்கின. பதினெட்டுப் பேரும் இருபது நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டார்கள். முன்னால் அண்ணன், முகத்தில் பாதி சிரிப்பும் பாதி திகைப்புமாக.

"என்ன கள்ளி சத்தம்? வாங்க டாக்டர், உள்ள வாங்க. என் தங்கச்சி. கூரைத் தோட்டம் இவளோடதுதான்."

"யாரும் உள்ள வராதீங்க! எல்லாரும் வெளிய போங்க. அண்ணி, எந்திரிங்க."

"விளையாடாத கள்ளி" என்றான் அண்ணன், பல்லைக் கடித்துக்கொண்டு.

"அண்ணா, உத்தரத்தப் பாரு. பெட்டியப் பாரு."

அவன் பார்த்தான். பல் அச்சில் கடுகளவு கோணலையும் கண்ணால் கண்டுபிடிக்கிற மனிதன். ஒரே பார்வை போதுமாயிருந்தது. சிரிப்பு வடிந்து, கழுத்து நரம்பு புடைத்தது.

"கூரையில என்ன கனம் இருக்கு?"

"தண்ணி குடிச்ச மண்ணு. நாலஞ்சு டன்னுக்கு மேல."

"எவன் போட்டான் அந்த மண்ண?"

அவளுக்குப் பின்னால், வாசல்படியில், அவள் கணவன் நின்றிருந்தான். சட்டையெல்லாம் மழை. அவன் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"நான்தாண்ணா போடச் சொன்னேன். சல்லின்னு சொல்லியிருக்கணும். மண்ணுன்னு சொல்லிட்டேன். என் வாய்தான்."

"சொன்னது அவ. சுமந்தது நான், மச்சான்" என்றான் கணவன். "அவ இப்பதான் பாத்தா. ஒரு நாள் சொல்லாம இருன்னு கேட்டதும் நான்தான்."

அண்ணன் அவனையே பார்த்தான்.

"என் பொழப்புல மண்ணப் போட்டுட்டியே" என்றான். 'யே' என்று. 'ங்க' இல்லாமல்.

யாரும் சிரிக்கவில்லை. அண்ணிதான் முதலில் அசைந்தாள். மெழுகு விளக்கை ஊதி அணைத்தாள், அடுப்பின் சுவிட்சை அணைத்தாள். ஆறு பேரையும் முதுகில் கை வைத்து வரிசையாகத் தள்ளினாள். "பல்லெல்லாம் அப்புறம் பொறுக்கிக்கலாம். உன் பல்லக் காப்பாத்திக்கடா, நட" என்று பாலிஷை இழுத்துக்கொண்டு போனாள். பதினெட்டு டாக்டர்களும் முற்றத்து மதிலோரம் குடை விரித்து நின்றார்கள்.

கள்ளி தலைகளை எண்ணினாள். பதினெட்டு. ஆறு. அண்ணன். அண்ணி. மறுபடி எண்ணினாள்.

ஒரு தலை குறைந்தது.

"எங்க அவரு?"

தென்மூலையில் ஏணி சாய்ந்திருந்தது. கையில் கடப்பாரையோடு அவன் ஓரச் சுவரின் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தான்.

"இறங்குங்க! என்னங்க! வேணாம்!"

"ஓட்டைய ஒடச்சுட்டா தண்ணி எறங்கிடும்!" மழையில் அவன் குரல் துண்டு துண்டாக வந்தது. "லேப் தப்பிச்சிரும்! ரெண்டே அடி!"

"கூரைப் பக்கம் கால வெக்காதீங்க! சுவர் மேலயே... சுவர் மேலயே உக்காருங்க!"

அவன் குதிரையில் உட்காருவது போல் சுவரின் இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்தான். கடப்பாரையை ஓங்கி இறக்கினான். ஓர் அடி. செங்கல் பெயர்ந்தது. இரண்டு. குழாயின் கழுத்து உடைந்தது. மூன்றாவது அடியில் சுவரின் வயிறு கிழிந்தது போலக் கறுப்புத் தண்ணீர் பீறிட்டது. முற்றத்தில் விழுந்து, டாக்டர்களின் செருப்புகளை நனைத்து ஓடியது. குளத்தடி நாற்றம்.

யாரோ கைதட்டினார்கள்.

கைதட்டல் முடியவில்லை. லேபுக்குள் ஒரு சத்தம். பெரிய சத்தம்கூட இல்லை. மரப்பெட்டி ஒன்று நொறுங்குகிற சத்தம். அதற்குப் பின்னால் நீளமாக, பல்லைப் பிடுங்குகிற மாதிரி, உத்தரம் விட்டுக்கொடுக்கிற சத்தம்.

கூரையின் நடுப்பகுதி மடங்கியது. அவசரமே இல்லாமல் மடங்கியது. பச்சைக் கம்பளத்தை நடுவில் பிடித்து யாரோ கீழே இழுத்தது போல. பிறகு முழுவதுமாகப் போனது. ஜன்னல் கண்ணாடிகள் வெளியே தெறித்தன. வெள்ளையும் இளமஞ்சளுமாக மாவு மேகம் ஒன்று வாசல் வழியாக வந்து எல்லோரையும் மூடியது.

யாருக்கும் யாரும் தெரியவில்லை. இருமல்கள் மட்டும் கேட்டன. கள்ளியால் அவனைக் கூப்பிடவும் முடியவில்லை. வாயெல்லாம் மாவு.

மழைதான் மேகத்தை இறக்கியது. முதலில் சுவரின் உச்சி தெரிந்தது. பிறகு கடப்பாரையைக் கட்டிப்பிடித்தபடி தலை முதல் கால்வரை வெள்ளையாக ஓர் உருவம். ஒரு கால் இந்தப் பக்கம். இன்னொரு கால், ஐந்து நிமிடத்துக்கு முன் கூரை இருந்த இடத்தில், வெறும் காற்றில். அவன் அடியில் இருந்த சுவரிலிருந்து ஒரு செங்கல் கழன்று விழுந்தது.

"அசையாதீங்க மாப்ளே!" அண்ணன் அலறினான். விழுந்து கிடந்த ஏணியைத் தூக்கிக்கொண்டு ஓடினான். "அப்படியே இருங்க! நான் வர்றேன்! அசையாதீங்க!"

கள்ளி தரையில் உட்கார்ந்தாள். அத்தனை சத்தத்திலும் அவள் காதில் அந்த 'ங்க' மட்டும் தனியாக விழுந்தது. அது பாசத்தில் வந்ததா, பயத்தில் வந்ததா, நாளைக்கும் இருக்குமா என்று அவளுக்குத் தெரியவில்லை.

இறங்கி வந்தவன் யாரையும் பார்க்கவில்லை. அண்ணன் அவன் தோளைப் பிடித்துக்கொண்டே நின்றான். விடவில்லை. லேப் இருந்த இடத்தையும் தோளையும் மாறி மாறிப் பார்த்தான்.

அண்ணி, கண்ணாடி இல்லாத ஜன்னல் வழியாக உள்ளே எட்டிப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"கள்ளி, இங்க வா" என்றாள். "என் இடத்துல யாரு உக்காந்திருக்கா பாரு."

மேஜை இல்லை. அலமாரி இருந்த இடத்தில் தகரச் சுருள். ஆனால் அண்ணியின் நாற்காலி எப்படியோ நாலு காலில் நின்றது. அதன் மேல் ஒரு பாளம், நாற்காலிக்கென்றே வெட்டி வைத்தது போல் இருக்கை நிறைய உட்கார்ந்திருந்தது. கறுப்பு மண், அதன் மேல் ஒரு தாய்க் கல்ரோஜா, சுற்றிலும் ஏழு குஞ்சுகள். முதுகு வைக்கிற பலகையை ஓர் உத்தரத் துண்டு இரண்டாகப் பிளந்திருந்தது. அண்ணியின் கழுத்து உயரத்தில்.

மழை இப்போது நேராக உள்ளே பெய்தது. இடிபாடு முழுக்கச் செடிகள், கழுவி விட்டது போல மினுமினுவென்று.

ஒன்றுகூடச் சிவந்திருக்கவில்லை.